ரேஷன் பையில் ஒரு தடுப்பு மருந்து

ஐந்து கிலோ அரிசி, மூன்று கிலோ பருப்பு, ஒன்றரைக் கிலோ பால் பவுடர், அரை லிட்டர் எண்ணெய். ஜார்க்கண்டின் கிராமம் ஒன்றில், ஒரு மண்வீட்டுக்கு மாதம் தவறாமல் இந்தப் பை வந்து சேர்கிறது. வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் காசநோய். மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்கள்தான் ஆகின்றன. பை அவருக்கானது. ஆனால் அதோடு நிற்கவில்லை. அவரோடு ஒரே கூரையின்கீழ் இருக்கும் மனைவிக்கும் தாய்க்கும் தலைக்கு ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை என்று தனித்தனியாக எண்ணித் தரப்படுகிறது. அவர்களுக்கு நோய் இல்லை, இருமல்கூட இல்லை. அதே மாவட்டத்தின் இன்னொரு வட்டாரத்தில் அச்சாக இதே மாதிரி ஒரு வீடு, இதே நோய், இதே மாத்திரை. அங்கும் நோயாளிக்குப் பை உண்டு. வீட்டில் மற்றவர்கள் மட்டும் எப்போதும் சாப்பிடுவதையே சாப்பிடுகிறார்கள். இரண்டு வீட்டாரின் பெயர்களும் ஒரே ஆய்வின் பதிவேட்டில் இருக்கின்றன. எந்த வட்டாரத்துக் குடும்பங்களுக்குக் கூடுதல் பருப்பு போக வேண்டும் என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்தது.

2019 ஆகஸ்டில் ஆரம்பித்த அந்த ஆய்வின் பெயர் 'ரேஷன்ஸ்'. 2022 ஜூலை வரை குடும்பங்களைக் கண்காணித்து, 2023 ஆகஸ்டில் 'தி லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். கூடுதல் உணவு பெற்ற 5,621 பேரில் 96 பேருக்குக் காசநோய் வந்தது. பெறாத 4,724 பேரில் 122 பேருக்கு வந்தது. கண்காணித்த காலத்தையும் மற்ற வேறுபாடுகளையும் கணக்கில் எடுத்தபோது, உணவு போன வீடுகளில் எல்லா வகைக் காசநோயும் சேர்ந்து 39 சதவீதம் குறைந்திருந்தது. சளியில் கிருமி உறுதியான, பிறருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்திருந்தது. சத்து மாத்திரையை விட்டால், மருந்துக் கடையில் விற்கிற எதுவும் அந்தப் பையில் இல்லை.

பசித்தவனுக்குச் சோறு போட்டால் உடம்பு தேறும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, இதில் செய்தி என்ன இருக்கிறது என்று தோன்றலாம். இதை எண்ணிக்கையில் நிரூபித்துக் காட்ட 2023 வரை ஆனது என்பதே செய்தி. ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டு சொன்னது 1882-இல். முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1943-இல். அதற்குப் பிறகு எத்தனையோ மருந்துகள், ஊசிகள், பரிசோதனைக் கருவிகள். வறுமையின் நோய் என்று ஒவ்வொரு மேடையிலும் சொல்லப்பட்ட ஒரு நோயில், வறுமையின் முதல் அடையாளமான அரைவயிற்றுச் சாப்பாட்டைத் தீர்த்தால் எத்தனை பேர் நோயிலிருந்து தப்புவார்கள் என்ற கேள்வியைப் பெரிய அளவில், முறையாகக் கேட்க எண்பது ஆண்டு பிடித்தது. மருத்துவ ஆராய்ச்சியின் பெருமையைப் பதில்களை வைத்தே பேசிப் பழகியிருக்கிறோம். எந்தக் கேள்விகள் கேட்கப்படுகின்றன, எவை வரிசையிலேயே நிற்பதில்லை என்று பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. அந்தக் கதையின் முக்கியமான பாதி சென்னையில் நடந்தது.

■ பெட்டிச் செய்தி: ஆய்வு, எண்களில்

இடம்: ஜார்க்கண்டின் 4 மாவட்டங்கள், 28 காசநோய்ப் பிரிவுகள்.
பங்கேற்றவர்கள்: 2,800 நோயாளிகள், அவர்களோடு வசிக்கும் 10,345 பேர். ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சந்தால், ஹோ, முண்டா, ஒராவோன், பூமிஜ் போன்ற பழங்குடியினர்.
நோயாளிக்கு: தினம் 1,200 கலோரி, 52 கிராம் புரதம் கூடுதலாக.
குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும்: தினம் 750 கலோரி, 23 கிராம் புரதம் கூடுதலாக. ஆறு மாதம். எடை மிகக் குறைந்தவர்களுக்கு ஓராண்டு வரை.
தொடக்க நிலை: நோயாளிகளில் ஐந்தில் நால்வருக்கு மேல் எடை குறைந்தவர்கள். குடும்பத்தாரில் மூன்றில் ஒருவர் ஊட்டக்குறைவுள்ளவர்.

சென்னை கேட்ட கேள்வி

1950-களின் தொடக்கத்தில் காசநோய்ச் சிகிச்சை என்றால் சானடோரியம். ஊருக்கு வெளியே மரங்களுக்கு நடுவே கட்டில், நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, இறைச்சி. தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928-இல் தொடங்கிய சானடோரியம் அந்த மரபில் வந்தது. மாத்திரைகள் வந்த பிறகும், சானடோரியத்தில் வைத்துக் கொடுத்தால்தான் அவை பலிக்கும் என்பதே மருத்துவ உலகின் நம்பிக்கை. இந்தியாவின் சிக்கல் எளிய கணக்கு. நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், கட்டில்கள் ஆயிரக்கணக்கில்கூடப் போதிய அளவு இல்லை. நம்பிக்கை சரி என்றால் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே கிடையாது.

அந்த நம்பிக்கையைச் சோதிக்க 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தின. பொறுப்பில் இருந்தவர் வாலஸ் ஃபாக்ஸ். நகரின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து 193 நோயாளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டு, குலுக்கல் முறையில் பாதிப்பேர் சானடோரியத்துக்கும் பாதிப்பேர் தங்கள் வீட்டுக்கும் அனுப்பப்பட்டார்கள். மருந்து இருவருக்கும் ஒன்றே: ஐசோனியாசிட்டும் பாஸும், ஓராண்டுக்கு. வீட்டில் இருந்தவர்கள் மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போனார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து மீதி மாத்திரையை எண்ணுவதும், சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்ப்பதும் ஊழியர்களின் வேலை.

1959-இல் வந்த முடிவு உலகத்தைத் திருப்பிப் போட்டது. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. நெருக்கடியான குடிசை, குறைவான சாப்பாடு, ஓய்வில்லாத வேலை என எல்லாவற்றுக்கும் நடுவில் மருந்து தன் வேலையைச் செய்திருந்தது. வீட்டிலேயே நோயாளி இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. இன்று எந்த நாட்டிலும் காசநோயாளி வீட்டில் இருந்தபடி மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதன் வேர் சேத்துப்பட்டில் இருக்கிறது. ஊழியரின் கண்ணெதிரே மாத்திரையை விழுங்க வைக்கும் முறைக்கும் அதே மையத்தின் 1960-களின் ஆய்வுகள் வழி செய்தன. உலக மருத்துவத்துக்குச் சென்னை கொடுத்த கொடைகளில் இதற்கு ஈடாகச் சொல்ல அதிகம் இல்லை. நம் பள்ளிப் பாடங்களில் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கலாம்.

அந்த வெற்றிக்குள்ளேயே ஒரு வினையும் இருந்தது. வீட்டு நோயாளிகள் சானடோரியத்து நோயாளிகளைவிட மிக மோசமாகச் சாப்பிட்டும் குணமானார்கள் என்பதைத் தனியே ஆராய்ந்து, நோய் அடங்குவதற்கு உணவு முக்கியமான காரணம் இல்லை என்று 1961-இல் மையத்தின் ஆய்வாளர்கள் எழுதினார்கள். எழுதியது சரி. சரியான மருந்தை ஓராண்டு விடாமல் சாப்பிட்டால் கிருமி சாகுமா என்பது அவர்கள் கேட்ட கேள்வி. சாகும் என்பது பதில். ஆனால் அந்தப் பதிலை வாங்கிக்கொண்ட உலகம், காசநோய்க்கும் சாப்பாட்டுக்கும் பெரிய சம்பந்தமில்லை என்று படித்துக்கொண்டது. அடுத்து அந்த வீட்டில் யார் படுக்கப்போகிறார், எலும்பும் தோலுமாக வந்த நோயாளி முதல் இரண்டு மாதத்தைத் தாண்டுவாரா, குணமான பிறகு வேலைக்குப் போகும் தெம்பு திரும்புமா என்ற கேள்விகள் அந்த ஆய்வில் கேட்கப்படவே இல்லை. கேட்கப்படாத கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்ததாக எடுத்துக்கொண்டதுதான் அறுபது ஆண்டுப் பிழை.

தடயங்கள் இருந்தன, தீர்ப்பு இல்லை

உணவின் பங்கைக் காட்டும் தடயங்கள் முன்பே இருந்தன. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே பாப்வொர்த் என்ற ஊரில், காசநோயாளிகளைக் குடும்பத்தோடு குடியமர்த்தி வேலையும் கூலியும் நல்ல சாப்பாடும் கொடுத்த ஒரு குடியிருப்பை 1918-இல் பென்ட்ரில் வாரியர்-ஜோன்ஸ் என்ற மருத்துவர் ஏற்படுத்தினார். நோயுள்ள தந்தையோடு அங்கே பிறந்து வளர்ந்த குழந்தைகளுக்கு நோய் வந்தது மிகக் குறைவு. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானிய முகாம்களில் இருந்த கைதிகளில், செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவுப் பொட்டலம் கிடைத்த பிரிட்டிஷ் வீரர்களைவிட, அது கிடைக்காத சோவியத் வீரர்களிடம் காசநோய் பல மடங்கு இருந்தது. மருந்து என்று ஒன்று வருவதற்கு முன்பே மேற்கத்திய நாடுகளில் காசநோய்ச் சாவுகள் பல பத்தாண்டுகளாகச் சரிந்துகொண்டிருந்தன. உடல் நிறை குறியீடு, அதாவது பிஎம்ஐ, ஒரு புள்ளி கூடும்போது காசநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 14 சதவீதம் குறைகிறது என்று பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு 2010-இல் வந்தது. சத்தீஸ்கரின் கனியாரியில் உள்ள ஒரு கிராமப்புற மருத்துவமனையின் பதிவேடுகளை 2013-இல் ஆராய்ந்தபோது, அங்கே வந்த காசநோயாளிகளில் ஆண்களின் இடைநிலை எடை 42.1 கிலோ, பெண்களின் எடை 34.1 கிலோ. வளர்ந்த பெண்ணின் எடை முப்பத்துநான்கு கிலோ என்பதை ஒரு கணம் நிறுத்தி யோசிக்கலாம்.

இவை எல்லாம் தடயங்கள்தான். மெலிந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் மெலிந்தாரா? பாப்வொர்த் குழந்தைகளைக் காத்தது பாலா, காற்றோட்டமான வீடா? சோவியத் கைதிகள் ஏற்கெனவே கிருமியைச் சுமந்து வந்தவர்களா? குலுக்கல் இல்லாத எந்த ஒப்பீட்டிலும் இந்த ஐயங்கள் தீராது. அதனால்தான் 2016-இல் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, காசநோயாளிகளுக்கு உணவு கொடுப்பதால் சிகிச்சையின் பலன் மேம்படுகிறதா என்று சொல்லப் போதுமான ஆய்வுகள் இல்லை என்று எழுதியது. ஆதாரம் இல்லை என்று படித்துவிட்டுப் பலன் இல்லை என்று புரிந்துகொள்வது அதிகாரிகளுக்குக் கைவந்த கலை. கொள்கைக் கோப்பில் அப்படித்தான் அது உட்கார்ந்தது.

குலுக்கல் வைத்த ஆய்வை ஏன் யாரும் செய்யவில்லை? தீய எண்ணம் எதையும் தேட வேண்டியதில்லை. ஒரு புதிய மூலக்கூறைச் சோதிக்கப் பணம் போடுகிறவருக்கு, வெற்றி பெற்றால் அதை விற்கும் உரிமை கிடைக்கும். துவரம் பருப்புக்குக் காப்புரிமை கிடையாது. பெடாக்குவிலின் என்ற காசநோய் மருந்தின் காப்புரிமையை நீட்டிக்க அதன் நிறுவனம் கேட்டு, இந்தியக் காப்புரிமை அலுவலகம் 2023 மார்ச்சில் மறுத்தபோது எத்தனை பெரிய சட்டப் போராட்டமாக இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள தூரம் தெரியும். உரிமையாளர் இல்லாத கேள்வியைப் பொதுப் பணம்தான் கேட்க வேண்டும். 1956-இல் அது கேட்டது. ரேஷன்ஸ் ஆய்விலும் அதுதான் நடந்தது. மங்களூரு ஏனப்போயா மருத்துவக் கல்லூரியின் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும் முன்நின்றார்கள். பணமும் ஏற்பாடும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழியே வந்தன. கூட்டாளியாக இருந்தது அதே சேத்துப்பட்டு மையம்தான், இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில்.

'சோறு போட ஆய்வு எதற்கு?'

இந்த ஆய்வுக்கு வந்த எதிர்ப்புகளில் கனமானது அறம் சார்ந்தது. ஒருவேளை சாப்பாட்டுக்கே திண்டாடும் வீட்டில், பருப்பு கொடுக்காமல், யாருக்கு நோய் வருகிறது என்று பதிவேட்டில் குறித்துக்கொண்டிருப்பது நியாயமா? இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆய்வைத் திட்டமிட்டவர்களும் தள்ளிவிடவில்லை. நோயாளிகளைப் பொறுத்தவரை யாருக்கும் உணவு மறுக்கப்படவில்லை. இரு பக்கமும் எல்லா நோயாளிகளுக்கும் முழுப் பை போனது. அதனால் நோயாளிக்கு உணவு எவ்வளவு உதவுகிறது என்பதை நேரடியாக ஒப்பிட்டுச் சொல்லும் வாய்ப்பையே அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். வேறுபாடு குடும்பத்தாரிடம் மட்டும்தான், அதுவும் நாட்டின் எல்லாக் காசநோய்க் குடும்பங்களும் அன்று இருந்த நிலையிலேயே. இதற்குமேலும் ஒரு நெருடல் மிஞ்சுகிறது, மிஞ்சத்தான் வேண்டும். ஆனால் ஆய்வே நடக்காமல் இருந்திருந்தால் அந்த வீடுகளுக்குப் பருப்பு போயிருக்காது. மற்ற எல்லா வீடுகளுக்கும் போக வேண்டும் என்று வாதாட ஒரு எண்ணும் கிடைத்திருக்காது.

பொது அறிவே போதும் என்பது இன்னொரு எதிர்ப்பு. போதாது என்பதற்குக் காசநோயின் வரலாறே சாட்சி. சானடோரியம் பொது அறிவுதான், 1959-இல் அது சரிந்தது. பிசிஜி தடுப்பூசி பெரியவர்களைக் காக்கும் என்பதும் அப்படித்தான். 1968 முதல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் சுற்றுவட்டாரத்தில், ஏறத்தாழ 2,60,000 பேரைக் கொண்டு உலகின் மிகப்பெரிய பிசிஜி ஆய்வு நடந்தது. ஏழரை ஆண்டு கழித்துப் பார்த்தால், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை. பதினைந்து ஆண்டு முடிவும் அதையே உறுதி செய்தது. குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோய்களிலிருந்து காப்பதால் இன்றும் பிறந்த குழந்தைக்குப் பிசிஜி போடுகிறோம். பெரியவர்களுக்கு அதை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. ஏமாற்றம் தந்த அந்த ஆய்வு, தவறான பாதையில் போக இருந்த பணத்தையும் காலத்தையும் மிச்சப்படுத்தியது. சோறு நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு சோறு, யாருக்கு, எத்தனை மாதம், அதனால் எத்தனை நோய் குறையும் என்பது ரேஷன்ஸ் ஆய்வுக்கு முன் யாருக்கும் தெரியாது. நிதித்துறைச் செயலரின் மேசையில் முதல் வாக்கியத்துக்கு மதிப்பில்லை, இரண்டாவதற்கு உண்டு.

எண் இருந்தால் வேறொரு நன்மையும் உண்டு. மிகைப்படுத்தலையும் அது கட்டுப்படுத்தும். உணவு பாதிக்கும் குறைவான நோயைத்தான் தடுத்தது, மீதியைத் தடுக்கவில்லை. ஒருவருக்கு நோய் வராமல் தடுக்க 30 வீடுகளுக்கு, அதாவது 111 பேருக்கு, உணவு தர வேண்டியிருந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து சதவீதம் கூடிய நோயாளிகளிடம் சாவின் ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது என்ற கண்டுபிடிப்பும் இந்த ஆய்விலிருந்து வந்து, பல மேடைகளில் மேற்கோள் காட்டப்படுகிறது. அது குலுக்கல் ஒப்பீட்டில் வந்த எண் அல்ல என்பதை மறக்கக்கூடாது. எடை கூடியதால் பிழைத்தார்களா, பிழைக்கும் நிலையில் இருந்ததால் எடை கூடியதா என்று பிரித்துச் சொல்ல அதால் முடியாது. மருத்துவருக்கு அது பயனுள்ள எச்சரிக்கை: இரண்டு மாதத்தில் எடை ஏறாத நோயாளியை உடனே கவனி. அதற்குமேல் அதன் தலையில் பாரம் ஏற்ற வேண்டாம்.

■ பெட்டிச் செய்தி: நோயின் அளவு

2023-இல் உலகில் புதிதாகக் காசநோய் வந்தவர்கள் 1 கோடியே 8 லட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இறந்தவர்கள் 12.5 லட்சம். நோயாளிகளில் 26 சதவீதம் இந்தியாவில். இங்கு ஆண்டுக்கு இறப்பவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல்.
2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று இந்தியா 2018-இல் அறிவித்தது. லட்சம் பேருக்கு 2015-இல் 237 ஆக இருந்த புதிய நோயாளிகளின் எண்ணிக்கை 2023-இல் 195.
உலக மக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் உடலில் கிருமி நுழைந்த அடையாளம் உண்டு. அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கே வாழ்நாளில் நோயாக வெடிக்கிறது.

ஒரு தடுப்பூசியும் ஒரு மூட்டையும்

பெட்டியின் கடைசி வரியில்தான் இந்த விவாதத்தின் மையம் இருக்கிறது. கிருமி உள்ளே நுழைந்த நூறு பேரில் தொண்ணூறு பேரின் உடல் அதை வாழ்நாள் முழுக்க அடக்கி வைத்திருக்கிறது. அடக்கி வைக்கும் நோய் எதிர்ப்பு அணுக்கள் புரதத்திலும் சக்தியிலும் ஓடுபவை. தொடர்ந்து குறைவாகச் சாப்பிடும் உடலில் அவற்றின் எண்ணிக்கையும் வீரியமும் சரிகின்றன. சர்க்கரை நோய், எச்ஐவி, புகை, மது ஆகியவையும் வெவ்வேறு வழியில் இதையே செய்கின்றன. இந்தியாவில் இவற்றுள் பெரிய பங்கு ஊட்டக்குறைவுக்குத்தான். காவலை வலுப்படுத்தும் எதுவும், ஊசியானாலும் உணவானாலும், ஒரே இடத்தில்தான் வேலை செய்கிறது.

ஊசி என்றதும் எம்72 நினைவுக்கு வரும். கிருமி ஏற்கெனவே உள்ளே இருக்கும் பெரியவர்களுக்காக உருவான தடுப்பூசி இது. கென்யா, தென்னாப்பிரிக்கா, சாம்பியா நாடுகளில் நடந்த இரண்டாம் கட்ட ஆய்வில், மூன்றாண்டு முடிவில் அது நோயை 49.7 சதவீதம் குறைத்தது. நூறாண்டுகளில் காசநோய்த் தடுப்பூசித் துறை கண்ட மிகப்பெரிய நம்பிக்கை என்று கொண்டாடப்பட்டது. கொண்டாட்டம் நியாயமானதே. 20,000 பேர் வரை சேர்க்கும் மூன்றாம் கட்ட ஆய்வு 2024 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. கேட்ஸ் அறக்கட்டளையும் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து அதற்கு 55 கோடி டாலர் ஒதுக்கின. ஜார்க்கண்டின் அரிசி பருப்புப் பை தடுத்தது 48 சதவீதம். இரண்டு எண்களையும் நேருக்கு நேர் நிறுத்துவது முறையாகாது. மக்கள் வேறு, காலம் வேறு, அளந்த விதம் வேறு. மூன்றாம் கட்டத்தில் தடுப்பூசியின் எண் கூடலாம், குறையலாம். ஆனாலும் ஒரே அளவு வாக்குறுதி தரும் இரண்டில் ஒன்றுக்கு உலகமே காத்திருப்பதும், மற்றொன்று வெளியான வாரத்துச் செய்தியோடு அடங்கிப்போவதும் விளக்கம் கேட்கும் விஷயம்.

இப்படிச் சொல்வதை மருந்து ஆராய்ச்சிக்கு எதிரான குரலாக எடுத்துக்கொண்டால் தவறு. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு, காதைச் செவிடாக்கும் ஊசியோடு பதினெட்டு மாதம், இரண்டு வருடம் என்று இழுத்த சிகிச்சை, பெடாக்குவிலின் உள்ளிட்ட நான்கு மருந்துகளின் கூட்டால் ஆறு மாத மாத்திரையாகச் சுருங்கிவிட்டது. 2024 செப்டம்பரில் இந்திய அரசும் அதை ஏற்றது. எத்தனை மூட்டைப் பருப்பும் அந்தக் கிருமியைக் கொன்றிருக்காது. 1959-இன் பாடம் இன்றும் செல்லும். நோய் வந்தபின் கொல்வது மருந்து. வராமல் பார்ப்பதில் மருந்துக்கு ஒரு கை இருக்கிறது, உணவுக்கு ஒரு கை இருக்கிறது. இரண்டாவது கையை இவ்வளவு காலம் கட்டி வைத்திருந்தோம்.

ஆயிரம் ரூபாய், ஒரு கிலோ பருப்பு

அரசு சும்மா இருந்துவிடவில்லை. காசநோயாளியின் வங்கிக் கணக்கில் மாதம் 500 ரூபாய் போடும் 'நிக்ஷய் போஷன்' திட்டம் 2018-இல் வந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயானது. கொடையாளர்கள் நோயாளிகளுக்கு உணவுப் பை தரும் 'நிக்ஷய் மித்ரா' ஏற்பாட்டைக் குடும்பத்தாருக்கும் விரிக்கலாம் என்று அறிவிப்பும் வந்தது. ரேஷன்ஸ் ஆய்வின் நிழல் இவற்றில் தெரிகிறது. ஆனால் ஆய்வில் சோதித்ததும் திட்டத்தில் இருப்பதும் ஒன்றல்ல. ஆய்வில் நோயைத் தடுத்தது குடும்பத்தாருக்குப் போன உணவு. பணம் நோயாளிக்குப் போகிறது. ஆயிரம் ரூபாய் பருப்பாக மாறுமா, வட்டிக்கும் பஸ் கட்டணத்துக்கும் கரையுமா என்பதை யாரும் குலுக்கல் வைத்துச் சோதிக்கவில்லை. பணம் ஏழைக்குச் சுதந்திரம் தருகிறது, மூட்டை அவரைப் பயனாளியாக்குகிறது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. நியாயமான வாதத்தையும் சோதிக்கத்தான் வேண்டும். கொடையாளர் மனம் வைத்தால் பை, இல்லாவிட்டால் இல்லை என்ற ஏற்பாடு அதைவிடப் பலவீனமானது. தடுப்பூசியை யாரும் நன்கொடையாளரின் நல்ல மனதுக்கு விடுவதில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. இங்கே ஜார்க்கண்டின் பட்டினி இல்லை என்பது முதல் ஆட்சேபம். உண்மைதான். மாநிலத்தின் காசநோயாளிகளிடம் நடத்தி 2012-இல் வெளியான ஆய்வில், நால்வரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது, இன்னொருவர் அதன் விளிம்பில் இருந்தார். சர்க்கரை நோயாளியின் வீட்டுக்கு அரிசி மூட்டையை அனுப்பித் தடுப்பு மருந்து என்று சொன்னால் எந்த மருத்துவரும் ஏற்கமாட்டார். ஆனால் இதே மாநிலத்தில்தான் 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்க வேண்டி வந்தது. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனமும் மாநில அரசும் சேர்ந்து வகுத்த அந்தத் திட்டத்தில், நோய் உறுதியானவுடன் ஐந்து விஷயங்கள் பார்க்கப்படுகின்றன: பிஎம்ஐ, கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பது. ஆய்வுக்கூடம் தேவையில்லை, ஆரம்ப சுகாதார நிலைய ஊழியரே பார்த்துவிடலாம். ஆபத்தில் இருப்பவர் உடனே மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். ஐந்தில் முதல் இரண்டும் ஊட்டக்குறைவின் அடையாளங்கள். கடைசியும் பெரும்பாலும் அதுதான். பிஎம்ஐ 14-க்குக் கீழே போனவர்களைக் கண்டுபிடிக்க ஒரு திட்டமே தேவைப்படுகிறது என்றால், இங்கே பசி தீர்ந்துவிட்டது என்ற பேச்சைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. ஆய்வின் பையில் இருந்த நான்கு பொருளில் மூன்று, தெருமுனை ரேஷன் கடையில் இன்றே இருக்கின்றன. அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஒரு நோயாளியும் மூன்று உறவினரும் உள்ள வீட்டுக்கு ஆய்வின் அளவுப்படி கணக்குப் போட்டால், மாதம் 20 கிலோ அரிசியும் ஏழரைக் கிலோ பருப்பும் கூடுதலாக வேண்டும். கடை தருவது அட்டைக்கு ஒரு கிலோ பருப்பு. நமக்குக் குறைவது அரிசி இல்லை, பருப்பும் பாலும் முட்டையும்தான். சர்க்கரை நோய் ஆட்சேபத்துக்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது. இங்கே அனுப்ப வேண்டிய பை அரிசி குறைந்த, புரதம் மிகுந்த பை. அப்படியொரு பை ஜார்க்கண்டின் பை அளவுக்கு வேலை செய்யுமா என்பது தெரியாது. அதைச் சோதிக்க வேண்டும்.

111 பேருக்கு உணவு கொடுத்து ஒருவரைக் காப்பது கட்டுப்படியாகுமா என்பதற்கு ஒரு வரியில் பதில் உண்டு. மீதி 110 பேரும் சாப்பிட்டிருப்பார்கள். நோய் வராத ஒருவருக்கு வேண்டாமல் போன ஊசியை வீண் என்று சொல்லலாம், மெலிந்த ஒருவர் சாப்பிட்ட பருப்பை எந்தக் கணக்காளரும் வீண் என்று எழுத முடியாது. கர்ப்பிணிக்கு ரத்தசோகை குறையும், பள்ளிப் பிள்ளைக்கு வளர்ச்சி கூடும். இந்தப் பலன்களை ரேஷன்ஸ் அளக்கவில்லை, அதனால் அவை 48 சதவீதத்துக்குள் வரவும் இல்லை.

நடைமுறையில் எதையும் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. ஒருவருக்கு நோய் உறுதியானதும் வீட்டில் உள்ளவர்களின் பட்டியல் ஏற்கெனவே எடுக்கப்படுகிறது, அவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுப்பதற்காக. வாரம் ஒருமுறை என்று பன்னிரண்டு வாரத்தில் முடியும் மாத்திரைகள் வந்துவிட்டன. அந்தப் பட்டியலில் ஒவ்வொருவரின் எடையும் உயரமும் ரத்தச் சர்க்கரையும் சேர்ந்தால், யாருக்குப் பை, யாருக்கு மாத்திரை, யாருக்கு இரண்டும் என்று பிரித்துவிடலாம். சில மாவட்டங்களில் பணம், சில மாவட்டங்களில் பருப்பும் முட்டையும் என்று குலுக்கிப் போட்டு மூன்றாண்டு பார்த்தால், ஜார்க்கண்ட் விட்டுவைத்த கேள்விகளில் பாதிக்கு விடை வரும். பட்டியல் மக்கள் நல்வாழ்வுத் துறையிடம் இருக்கிறது, கடை உணவுத் துறையிடம் இருக்கிறது, குலுக்கலை நடத்தத் தெரிந்தவர்கள் சேத்துப்பட்டில் இருக்கிறார்கள். நோய் இல்லாதவருக்குத் தரும் ஒன்றரைக் கிலோ பருப்பை மருந்துச் செலவில் எழுதுவதா, உணவு மானியத்தில் எழுதுவதா என்பதை முதலில் இரண்டு துறைச் செயலர்களும் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும்.